ஒரிஜினல் வீட்டைத் தாண்டாது

சனிக்கிழமை காலையில் தகரப் பெட்டிக் காகிதங்களுக்கு மொட்டை மாடியில் வெயில் காட்டுவது நேசையாவின் வேலை. முப்பத்தொரு வருடம் அரசாங்க அலுவலகத்தில் எழுதிக் குவித்து, தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவர். ஞானஸ்நானச் சீட்டு, வீட்டுப் பத்திரம், மகள் ரீபாவின் மார்க் ஷீட்டுகள் என்று ஒவ்வொன்றாக விரித்து, பறக்காமல் கூழாங்கல் வைப்பார். அதே மாடியில்தான் அவர் மனைவி ஜெபகனி மிளகாய் காயப்போட வேண்டும். வாரா வாரம் எல்லைத் தகராறு.

"உங்க காயிதத்த அங்கன கொஞ்சம் தள்ளிப் போடுங்க. என் வத்தலுக்கும் வெயில் வேணும்லா."

"வத்தல் போனா மார்க்கெட்ல வாங்கலாம். இது போனா எவன் தருவான்?"

1994 ஆகஸ்டில் அந்தச் சனிக்கிழமை மட்டும் நேசையா வாய் திறக்காமல் தள்ளிப் போட்டார். ரீபா பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்கு ஆசிரியை. அந்தக் கல்வியையே மேற்கொண்டு படிக்க இங்கிலாந்தில் ஒரு கல்லூரி ஓராண்டுக்கு இடமும் உதவித்தொகையும் கொடுத்திருந்தது. வியாழக்கிழமை மெட்ராஸில் உள்ள பிரிட்டிஷ் விசா அலுவலகத்திலிருந்து மறுப்புக் கடிதம் வந்துவிட்டது. படிப்பில் இடம் கிடைத்ததற்கு ஏற்கத்தக்க ஆதாரம் இல்லையாம். செப்டம்பர் இருபத்தாறுக்குள் போய்ச் சேராவிட்டால் இடம் இன்னொருவருக்கு. ரீபா அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஜெபகனியும் அழுதாள். ஆனால் பல வாரங்களுக்குப் பிறகு அன்று மத்தியானம்தான் அவள் அசந்து தூங்கினாள். அதை யாரிடமும் சொல்லவில்லை.

மிளகாயைப் பரப்பிக்கொண்டு போனவள் கண்ணில், கல்லுக்கு அடியில் சிவப்பு முத்திரை போட்ட தடித்த தாள் ஒன்று பட்டது. ஜூன் மாதம் வீடே கூடி நின்று பார்த்த தாள்.

"இது ரீபாளுக்குக் காலேசுலேர்ந்து வந்ததுலா? மெட்ராசுக்கு அனுப்பலயா?"

"நகல் போயிருக்கு. வைத்தியலிங்கம் டாக்டர்ட்ட பச்ச மையில கையெழுத்து, சீலு எல்லாம் வாங்கி, மூணு காப்பி."

"ஒரிஜினலு?"

"ஒரிஜினல எவனாவது தபால்ல விடுவானா? கேக்கா பாரு கேள்வி."

சொல்லிவிட்டு நேசையா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பைய உட்கார்ந்துவிட்டார். ஜெபகனி மாடிப்படிப் பக்கம் திரும்பி, "ரீபா! ஏட்டி ரீபா! மேல வா!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

ரீபா வந்து தாளைக் கையில் எடுத்தாள்.

"இத கவர்ல வச்சுத்தானப்பா குடுத்தேன். ஒட்டி ரிஜிஸ்தர்ல போடச் சொன்னேன். ஒரிஜினல்தான் வேணும்னு பாரத்துல கொட்ட எழுத்துல போட்டிருந்துச்சே!"

"எல்லா ஆபீசுலயும் அப்படித்தாம்மா போடுவான். சீல் வச்ச நகலக் குடுத்தா வாங்கிக்கிடுவான். நானே வாங்கியிருக்கேன்."

"நீங்க வாங்குவீய. வெள்ளக்காரன் வாங்கலையே!"

கோபமாகத்தான் ஆரம்பித்தாள். பாதியில் சிரிப்பு வந்துவிட்டது. தன்னைப் பொய்க்காரி என்று நினைத்துவிட்டார்களோ என்று இரண்டு நாளாகக் குமைந்தவள் அவள். மிளகாய்க்கும் பத்திரத்துக்கும் நடுவே உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

முறையீட்டை நேசையாவே எழுதினார். நாலு பக்கம். ரீபா அதை முக்கால் பக்கமாக வெட்டினாள். இடம் இன்னும் காத்திருக்கிறது என்று கல்லூரியிலிருந்து பேக்ஸ் வந்தது. அப்பாவும் மகளும் நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினார்கள். கடிதம் பிளாஸ்டிக் உறைக்குள், உறை நேசையாவின் சட்டைக்குள்.

திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே ரீபா தொடங்கினாள்.

"விசா ஆபீசுல கண்ணாடிக்கு அடியில அப்பா நீட்டுனாரு, ஆனா விடமாட்டேங்காரும்மா. அங்கன கவுண்டர்ல இருந்த அம்மா இழுக்கா, இங்கன இவரு பிடிச்சிருக்காரு. கடைசில ரசீது கேட்டாரு பாரு!"

"குடுத்தாளா?"

"சிரிச்சிக்கிட்டே துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்தா."

"வாங்காம எப்படி வர முடியும்?" என்றார் நேசையா, உள்ளே போய்க்கொண்டே.

முறையீடு மேலே போகவேண்டிய தேவையே வரவில்லை. அதே அலுவலகத்தில் மறுபடி பார்த்து முடிவை மாற்றிவிட்டார்கள். பதினோராம் நாள் பாஸ்போர்ட் வந்தது, உள்ளே விசாவோடு. தபால்காரருக்கு ஜெபகனி இரண்டு தடவை காபி கொடுத்தாள். முதல் தடவை கொடுத்தது நினைவில்லை. ரீபா பள்ளிக்கூடத்தில் சொல்ல ஓடினாள்.

சாயங்காலம் நேசையா கூடத்தில் பாஸ்போர்ட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். ஜெபகனி எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கேன், கோவப்படக் கூடாது."

"கேளு."

"முப்பத்தொரு வருசமா பாரம் வாசிச்ச மனுசன். அந்தக் கொட்ட எழுத்து கண்ணுல படலயா? இல்ல, பட்டும் அவ இங்கனயே இருக்கட்டும்னு தோணிச்சா?"

அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அவர் ஆமாம் என்றிருந்தால், தான் தூங்கிய மத்தியானத்தைச் சொல்லியிருப்பாள்.

நேசையா பாஸ்போர்ட்டை மூடினார். அதை அவள் கையில் கொடுத்தார். கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கூடத்தை விட்டு வெளியே போனார்.