சுவருக்கு அந்தப் பக்கத்துத் திரை

அடித்து முடித்த பக்கத்தை அந்த அம்மா மௌஸால் பிடித்துத் திரையின் வலது ஓரத்துக்கு இழுக்கிறார். பக்கம் பாதி மறைந்து, பிறகு முழுவதும் மறைகிறது. "போய்ச் சேந்துடுச்சு," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு அடுத்ததை அடிக்கத் தொடங்குகிறார். மேசையில் இருப்பது ஒரே ஒரு திரைதான். இன்னொன்று சுவருக்கு அந்தப் பக்கம், அவருடைய அக்காவின் கட்டிலருகே இருக்கிறது. அக்கா இறந்து நாற்பது நாளாகிறது.

டாக்டர்கள் பேசி அனுப்பும் பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்வது இவர் தொழில். விரல் வேகத்தைப் பார்த்து 'டக்டக்' என்று தெருவில் பெயர் வைத்துவிட்டார்கள். அதில் இவருக்கு உள்ளூரப் பெருமை. எந்நேரமும் காலில் கம்பளி சாக்ஸ். டீயை ஆறி அவலாகப் போன பிறகுதான் குடிப்பார்.

தொண்டையில் ஆபரேஷன் ஆகி அக்காவுக்குக் குரல் போன பிறகு, சுவரில் துளை போட்டு வயர் இழுத்துக் கொடுத்தவன், கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் நான்தான். ஒரே கம்ப்யூட்டர், இரண்டு திரை, இரண்டு மௌஸ். ஆனால் அம்புக்குறி ஒன்றே ஒன்று. அக்கா படுத்தபடி சீட்டு விளையாடுவார். நினைத்த நேரத்தில் தங்கையிடமிருந்து அம்பைப் பிடுங்கிக்கொண்டு போவார். இரண்டு ஆட்டு ஆட்டினால் தண்ணீர் வேண்டும் என்று பொருள். தங்கை கையிலிருக்கும் பக்கத்திலேயே பதிலை அடித்து, அந்தத் திரைக்கு இழுத்துக் காட்டுவார். அப்படி ஒருமுறை, யாரோ ஒருவரின் கல்லீரல் அறிக்கை நடுவே "இரு, வர்றேன்" என்றும் சேர்ந்து போய்விட்டது.

"டாக்டரே போன் பண்ணி, யாரு வர்றீங்கன்னு கேட்டாரு தம்பி."

இப்போது ஸ்கேன் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தே அடிக்க வேண்டும் என்கிறது கம்பெனி. திங்கட்கிழமைக்குள் மேசையில் இரண்டு திரை இல்லையென்றால் வேலை வேறு ஆளுக்கு. புதுத் திரை வந்துவிட்டது. ஆனால் இந்தப் பழைய கம்ப்யூட்டர் பெட்டி ஒரு நேரத்தில் இரண்டு திரைக்கு மேல் காட்டாது. மூன்றாவதற்கென்று ஒரு கார்டு மாட்டிப் பார்த்தேன்; பவர் சப்ளை தாங்காமல் இரண்டே நிமிடத்தில் எல்லாம் அணைந்துவிட்டது. பெரிய சப்ளை இந்தச் சின்னப் பெட்டிக்குள் நுழையாது.

"அப்போ அக்கா ஸ்கிரீனைத்தான் எடுக்கணும்," என்றேன்.

"எப்படி எடுக்கிறது? அவ பாத்துக்கிட்டிருக்கா."

அந்த அறைக்குள் போனேன். விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. தலையணையோரம் மௌஸ், அதன் அடியில் சிவப்பு வெளிச்சம். திரையில் பாதி ஆடிய சீட்டாட்டம்.

"நேத்து ஆறு சீட்டுதான் திறந்திருந்துச்சு. எண்ணிப் பாரு," என்றார் வாசலில் நின்றபடி.

எட்டு இருந்தது. நீங்களே ஆடிவிட்டு மறந்திருப்பீர்கள் என்று சொல்ல வாயெடுத்தபடி மௌஸைத் தொட்டேன். கதகதப்பாக இருந்தது. கரண்ட் சாமான் என்றால் கொஞ்சம் சூடு இருக்கத்தானே செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயமாகத்தான் இருந்தது.

மேசைக்குத் திரும்பி, அக்காவின் திரையை விலக்கிப் புதியதைச் சேர்த்தேன். பளிச்சென்று எரிந்தது. இந்த மாற்றத்தை வைத்துக்கொள்ளவா என்று ஒரு கட்டம் வந்து கேட்டது. பதினைந்து நொடிக்குள் சரி என்று அழுத்தாவிட்டால், எல்லாம் பழையபடி அக்காவின் திரைக்கே போய்விடும். அழுத்தப் போனேன்.

"நீ விடு தம்பி. அவ மௌஸ் அங்கதான இருக்கு. அவ சொல்லட்டும்."

பதினொன்று. பத்து. அம்பு அசையவில்லை.

"எனக்கு இந்த வேலை வேணும்க்கா," என்றார், சுவரைப் பார்த்து.

ஐந்து. நான்கு. பொறுக்க முடியாமல் மறுபடி கை நீட்டினேன். என் மணிக்கட்டைப் பிடித்து, மேசையோடு சேர்த்து அழுத்திக்கொண்டார்.