ஒன்பது மீட்டர் பதினான்கு

ஹில்க்காவைச் செவ்வாய்க்கிழமை அடக்கம் செய்தோம். எங்கள் ஊர் ராவ்மாவின் கப்பல் கட்டும் தளத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வெல்டராக இருந்தவர் என்று பாதிரியார் சொன்னார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தம்பி இல்போவைத் தாய்போல் வளர்த்தார் என்றும் சொன்னார். ஆட்டத்தைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. எனக்குத் தெரியும். அவள் பிடித்த சங்கிலியின் மறுமுனையை இருபத்தாறு கோடைகள் நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அமெரிக்கக் கால்பந்தில் பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் பத்து கஜம் முன்னேறினால் புதிதாக நான்கு. இல்லையென்றால் பந்து எதிரணிக்கு. அந்தப் பத்து கஜத்தைக் காட்ட இரண்டு கம்பங்களும் நடுவில் ஒரு சங்கிலியும் வேண்டும். பின்கம்பம் என்னுடையது. முன்கம்பம் ஹில்க்காவுடையது.

அவளுக்கு அந்த ஆட்டம் பிடிக்காது. "ஓடுறானுங்க, விழுறானுங்க, எந்திரிச்சு வட்டமா நின்னு ரகசியம் பேசுறானுங்க. இதுக்கு மூணு மணி நேரமா?" என்பாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த இல்போ அமெரிக்காவில் ஒரு வருடம் தங்கிப் படித்தபோது பார்த்த ஆட்டத்தை எங்கள் ஊரில் தொடங்கினான். சங்கிலி செய்து தரச் சொல்லி அக்காவிடம் ஒரு தாளைக் கொடுத்தான். தாளில் ஒரு படமும் பத்து என்ற எண்ணும் மட்டும் இருந்தன. பின்லாந்தில் பத்து என்றால் பத்து மீட்டர்தான். அவள் பத்து மீட்டரில் வெட்டி, இரண்டு முனையிலும் வளையம் பற்றவைத்து அனுப்பினாள். மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டவரும் மீட்டரில்தான் போட்டார். ஆகவே இரண்டு கோடை ஊரே மீட்டரில் ஆடியது. ஒருவரும் கவனிக்கவில்லை. நான் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். நானும் கவனிக்கவில்லை.

மூன்றாவது கோடையில் தேசிய அணியின் ஆட்டம் ஒன்று எங்கள் ஊருக்கு வந்தது. ஸ்வீடனோடு. ஜெயிப்பவர்கள் ஐரோப்பியப் போட்டிக்குப் போவார்கள். அதுவரை ஸ்வீடனோடு ஐந்து முறை ஆடி நான்கில் தோற்றிருந்தோம். இல்போவுக்கு முப்பத்து மூன்று வயது, ஒரு முழங்கால் ஏற்கெனவே போய்விட்டது. அதுதான் அவனுக்குக் கடைசிக் கோடை என்று அவனுக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

ஆட்டத்துக்கு முதல் நாள் சம்மேளனத்து ஆட்கள் வந்து, ஐந்து கஜத்துக்கு ஒரு கோடு என்று மைதானத்தைப் புதிதாக வரைந்தார்கள். சங்கிலியை ஒருவரும் தொடவில்லை. ஆஸ்திரிய நடுவரின் விமானம் தாமதம். ஓடி வந்து விசிலை ஊதிவிட்டார்.

என்ன ஆட்டம் அது. மழை விட்டு விட்டுப் பெய்தது. நாலாயிரம் பேர் சாசேஜும் கடுகுமாக எழுந்து நின்றபடியே தின்றார்கள். நாங்கள் அடிக்க, அவர்கள் அடிக்க, கடைசியில் இருபதுக்குப் பதினான்கு என்று நாங்கள் முன்னால் இருந்தோம். ஐம்பத்திரண்டு விநாடிதான் பாக்கி. ஸ்வீடனுக்கு நான்காவது வாய்ப்பு. பந்தோடு பாய்ந்தவன்மேல் எட்டுப் பேர் விழுந்தார்கள். குவியலை விலக்கிப் பார்த்தால் பந்து எங்கே நிற்கிறது என்று கண்ணால் சொல்ல முடியவில்லை. நடுவர் எங்களை உள்ளே அழைத்தார்.

ஓடினோம். நான் என் கம்பத்தை ஊன்றினேன். ஹில்க்கா சங்கிலியை இறுக்கி இழுத்து நிறுத்தினாள். பந்தின் மூக்கு அவள் கம்பத்துக்கு ஒரு சாண் குறைவு. பந்து இனி எங்களுக்கு என்று நடுவர் கை காட்டினார். மைதானம் வெடித்தது. இல்போ தலைக்கவசத்தைக் கழற்றி வானத்தில் எறிந்தான்.

ஹில்க்கா நகரவில்லை. குனிந்து சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாத்தியாரே, உன் காலடியில கோடு இருக்கா?"

"இருக்கு."

"என் காலடியில இல்ல. ஒரு எட்டு பின்னால இருக்கு. கோட்டுக்குக் கோடு எவ்வளவு?"

"அஞ்சு கஜம்."

"அப்ப நானும் கோட்டு மேலதான நிக்கணும்?"

"மழையில கலைஞ்சிருக்கும்" என்றேன்.

"கோடு கலையும். நடந்து போகாது. சங்கிலிதான் தப்பு. நான் மீட்டர்ல வெட்டியிருக்கேன். அந்த ஆள்கிட்ட சொல்லு."

நடுவரோடு பேச ஜெர்மன் தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான். நான் என் கம்பத்தை மறுபடி அழுத்தி ஊன்றினேன்.

"நீ சொல்றியா, இல்ல நானே கையால காட்டட்டுமா?"

அதற்குள் இல்போ வந்துவிட்டான். அக்காவின் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. "அக்கா, வாய மூடு. கை காட்டியாச்சு."

"உனக்காக மூடணுமா, நாட்டுக்காக மூடணுமா?"

"ரெண்டுக்கும்தான்."

"ரெண்டுக்கும் சேத்து ஒரு மீட்டர் திருடச் சொல்றியா? தள்ளிப் போடா."

கப்பல் தளத்தில் அவளுடைய வழக்கம் எல்லோருக்கும் தெரியும். தன் வெல்டிங்கில் குறை இருந்தால், சோதனை அதிகாரி வருவதற்கு முன்பே தானே சாக்பீஸால் வட்டம் போட்டு வைப்பாள். அந்த நினைப்பில்தான் நான் நடுவரிடம் விஷயத்தைச் சொன்னேன். நடுவர் என்னைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு கையை மாற்றிக் காட்டினார். ஸ்வீடனுக்குப் புதிதாக நான்கு வாய்ப்பு.

நாலாயிரம் பேரும் ஒரே நேரத்தில் திட்டினால் எப்படியிருக்கும் என்று அன்று கேட்டேன். கம்பி வேலிக்குப் பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்: "ஹில்க்கா, ஸ்வீடன்ல மாப்ள பாத்து வச்சிருக்கியா?"

"பாத்திருந்தா உன்ன மாதிரி இருக்க மாட்டான்" என்று திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். சட்டைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தாள். "பத்து கஜம்னா எவ்வளவு, வாத்தியாரே? இப்பவாவது கணக்குப் போடு."

"ஒன்பது மீட்டர் பதினாலு."

நடுவர் கடிகாரத்தை நிறுத்தி வைத்தார். ஹில்க்கா சங்கிலியின் ஒரு முனையை ஸ்வீடன் அணித் தலைவனிடம் கொடுத்து, மறுமுனையை இல்போவின் கையில் திணித்தாள். மிச்சமிருந்த கண்ணிகளை மடக்கி, இடுப்புப் பையிலிருந்த கம்பியால் இறுக்கிக் கட்டினாள். நாடாவை வைத்து இரண்டு முறை அளந்தாள். மூன்றாம் முறை நடுவரையே அளக்க வைத்தாள். இல்போ அவளைப் பார்க்கவே இல்லை.

"ஜெயிச்ச ஆட்டத்த மறுபடி ஜெயிக்கணும் இப்ப" என்றான் பல்லைக் கடித்தபடி.

"அப்ப ஜெயிச்சுக் காட்டு."

முதல் வாய்ப்பில் அவர்கள் எறிந்த பந்து ஈரத்தில் வழுக்கித் தரையில் விழுந்தது. இரண்டாவதில் நான்கு கஜம் ஓடினார்கள். மூன்றாவதில் இல்போவின் பக்கமே வந்து ஐந்து கஜம் இழுத்துக்கொண்டு போனார்கள். அவன் நொண்டிக்கொண்டு எழுந்தான். பாக்கி ஒரு கஜம், பதினொரு விநாடி. கூட்டத்தில் இப்போது திட்டுச் சத்தம் இல்லை. நாலாயிரம் பேரும் காலால் மரப்பலகையை மிதித்தார்கள். என் கம்பம் அதிர்வது கையில் தெரிந்தது.

நான்காவது. இரண்டு பக்கமும் மோதிய சத்தத்தில் என் கண் தானாக மூடிவிட்டது. திறந்தபோது மறுபடி ஒரு குவியல். மறுபடி நடுவரின் கை எங்களை அழைத்தது.

மறுபடி ஓடினோம். ஹில்க்கா சங்கிலியை இழுத்தாள். பூட்ஸால் சேற்றைத் தள்ளிவிட்டுக் கம்பத்தை நட்டாள். மைதானமே அடங்கியது.

இரண்டு விரல் குறைவு.

ஸ்வீடன் தலைவன் முட்டி போட்டு உட்கார்ந்து, பந்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்தான். ஆட்சேபிக்க ஒரு சொல் போதும் அவனுக்கு: கம்பியால் முடிச்சுப் போட்ட சங்கிலி, எதிரணி ஊர்ப் பெண் கட்டியது என்று. தலையைத் தூக்கி ஹில்க்காவைப் பார்த்தான். அவளும் அவனைப் பார்த்தாள். எதுவும் பேசாமல் எழுந்து, தன் ஆட்களைக் கைகாட்டி வெளியே அழைத்துப் போனான்.

அப்புறம் எங்கள் அணி ஒரு முறை பந்தை எடுத்து, மிச்ச நேரம் ஓடட்டும் என்று முட்டி போட்டு உட்கார்ந்தது, மணி அடித்தது. வேலி சாய்ந்தது. ஊரே உள்ளே ஓடி வந்தது. இல்போ நொண்டிக்கொண்டே வந்து அக்காவைக் கட்டிப்பிடித்து, அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்து, "உன்ன இன்னிக்குக் கொன்னிருப்பேன், தெரியுமா?" என்றான்.

"தெரியும். தள்ளி நில்லு, சங்கிலி தொய்யுது."

நான் கம்பத்தைக் கீழே போடப் போனேன். கூட்டத்தின் சத்தத்தை மீறி அவள் குரல் வந்தது: "வாத்தியாரே, பிடி. நடுவர் இன்னும் போகச் சொல்லல."

எங்களைச் சுற்றி அத்தனை பேரும் குதித்துக்கொண்டிருந்தார்கள். சங்கிலியைத் தாண்டித் தாண்டி ஓடினார்கள். நாங்கள் இருவரும் ஆளுக்கொரு கம்பத்தோடு, அதை இறுக்கிப் பிடித்தபடி, நடுவர் எங்களைத் தேடிக் கண்டுபிடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தோம்.