ஆசிரியர் வரவில்லை

நீல அட்டை போட்ட அந்த வருகைப் பதிவேடு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. திண்டிவனம் பக்கத்தில் ஒரு சட்டக் கல்லூரி. நான் வகுப்புப் பிரதிநிதி. அரசியலமைப்புச் சட்டத்துக்கு அந்த ஆண்டு முழுக்க ஆசிரியரே கிடையாது. ஆனாலும் மாதக் கடைசியில் பதிவேட்டைச் சுற்றுக்கு விடுவேன். நடக்காத வகுப்புகளுக்கெல்லாம் ஒரே மூச்சில் கையெழுத்துப் போடுவோம். மரக்காணம் உப்பளத்திலிருந்து வந்த என் வகுப்புத் தோழி மட்டும் தன் கட்டங்களில் நாள் தவறாமல் ‘ஆசிரியர் வரவில்லை’ என்று பொடி எழுத்தில் எழுதி வைத்தாள்.

அதைப் பார்த்த முதல்வர் என்னிடம் புதுப் பதிவேடு ஒன்றைக் கொடுத்து, பழையதைக் கிழித்துப் போடச் சொன்னார். வருகை குறைந்தால் தேர்வு எழுத விடமாட்டார்கள், ஓராண்டு வீணாகிவிடும் என்று அவளிடம் கெஞ்சினேன். “மழை பேஞ்சா உப்பளத்துல வேலை இல்ல. அந்த நாளுக்கு எங்கம்மா கூலிக்குப் பேர் குடுக்க மாட்டாங்க. நடக்காத கிளாசுக்கு நான் ஏன் கையெழுத்து போடணும்? மெட்ராஸ்ல படிக்கிறவனுக்கு வாத்தியார், நமக்குக் காலி நாற்காலி. எல்லாரும் சமம்னு அந்த புக்குலதானே இருக்குது?” என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. பெரிய இவள் என்று நினைத்துக்கொண்டேன்.

சொன்னபடியே அவளைத் தேர்வு எழுத விடவில்லை. நாங்கள் கைடைக் கரைத்துக் குடித்துப் பாஸானோம். ரிட் மனு பற்றி நான் ஐந்து வரி மனப்பாடம் செய்திருந்தேன். அவள் உயர் நீதிமன்றத்துக்கு நிஜமான மனுவையே எழுதிவிட்டாள். கற்பிக்க ஆளில்லாத இடத்தில் கல்வி உரிமைக்குப் பொருளில்லை என்பது அவள் வாதம். கல்லூரியோ புதுப் பதிவேட்டைக் காட்டி வகுப்புகள் நடந்தன என்றது. பழையது கிழிக்க மனம் வராமல் என் பையிலேயே கிடந்தது. பயந்துகொண்டேதான் அதை மரக்காணத்துக்கு எடுத்துப் போனேன். அம்மாவோடு பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தவள், கையைத் துணியில் துடைத்துவிட்டு வாங்கினாள். “இது போதும்பா” என்றாள். அந்த ஆண்டில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். ஆசிரியரை நியமித்து, வகுப்பு நடத்தி, பிறகு அவளுக்குத் தேர்வு வைக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. எங்களுக்கு ஓராண்டு பின்னால் பட்டம் வாங்கினாள். அதற்காக அவள் ஒருநாளும் வருந்தியதில்லை.

அந்த உத்தரவால் உண்டான ஆசிரியர் பணியிடத்தில் இன்று இருப்பவன் நான். போன வாரம் என்னைப் பெற்ற அத்தாவுக்கு உடம்பு சரியில்லாமல் எங்கள் ஊர் கோட்டக்குப்பத்திலேயே தங்கிவிட்டேன். மறுநாள் அலுவலக உதவியாளர் பதிவேட்டை நீட்டினார். அதே நீல அட்டை.

“நேத்து கிளாஸ் எடுத்த மாதிரியே போட்டுடுங்க சார். யாரு பாக்கப் போறா?”

“சனிக்கிழமை எடுத்துடறேன்” என்று சொல்லி அதை வாங்கினேன். முந்தைய நாள் தேதிக்கு நேராகப் பொடி எழுத்தில் ‘ஆசிரியர் வரவில்லை’ என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன்.