பேனரில் என் இடத்தில் மணி

இன்று அரியலூரில் காலேஜ் நண்பன் செந்திலுக்குக் கல்யாணம்.

எங்கள் ஹாஸ்டல் செட்டில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் மண்டப வாசலில் பேனர் வைப்போம். மாப்பிள்ளையைச் சுற்றி நாங்கள் எல்லோரும் கூலிங் கிளாஸில் நிற்போம். மேலே ‘சிங்கக் கூட்டம்’ என்று பெரிதாக இருக்கும்.

வேலைக்குப் போன பிறகு எனக்கு இது கூச்சமாகிவிட்டது. "என் போட்டோ வேணாம்டா" என்று போன வாரமே சொல்லிவிட்டு, வாட்ஸ்அப் குரூப்பிலிருந்தும் வெளியேறினேன்.

பெரம்பலூரில் பஸ் ஏறியதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. ஒருவேளை போட்டிருப்பார்களோ? நிஜமாகவே விட்டிருப்பார்களோ? எது வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை.

மண்டபத்தில் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் பேனரைத்தான் பார்த்தேன்.

எல்லோரும் இருந்தார்கள். என் இடத்தில் ஹாஸ்டல் நாய் மணி. அதற்கும் கூலிங் கிளாஸ்.

பேனர் அடித்த பாபுவிடம், "என்னடா இது?" என்றேன்.

"நீதானடா வேணான்ன? மணி ஒரு நாளாச்சும் நம்மள வுட்டுட்டுப் போயிருக்கானா?"

சிரித்து வைத்தேன்.

தை மாதம் என் கல்யாணம். குரூப்பில் மறுபடி சேர்க்கச் சொல்லிக் கேட்கலாமா, சொல்லுங்கள். இல்லையென்றால் மாப்பிள்ளை இடத்திலும் மணிதான் நிற்பான் போலிருக்கிறது.