சத்தத்துக்குப் பொறுப்பு அப்பா

ஆடி பிறந்து, கோயில் வேப்பமரத்தில் "கொழா" கட்டி முதல் பாட்டைப் போட்டதும், எங்கள் வீட்டு அலமாரியில் கவிழ்த்து வைத்திருக்கும் எவர்சில்வர் தம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கத் தொடங்கும். அம்மா ஓடிப்போய் இரண்டு தம்ளருக்கு நடுவே கைத்துணியைச் செருகுவாள். செருகிவிட்டுத் திரும்புவதற்குள் ஜன்னல் கம்பி ஆரம்பித்திருக்கும். கூம்பு ஒலிபெருக்கியைத்தான் நாங்கள் கொழா என்போம். கடலூர் முதுநகரில் ரயில் பாதையை ஒட்டி இருந்த எங்கள் தெருவும் சிறிது, தெருவின் அம்மன் கோயிலும் சிறிது, கொழா மட்டும் நான்கு. பின்தெருவிலும் ஒரு அம்மன், அங்கேயும் நான்கு. இரண்டு தெருக்காரர்களும் கொழாவை எதிரெதிராகத் திருப்பி வைத்துக்கொண்டு, யார் பாட்டு யார் பாட்டை அமுக்குகிறது என்று பார்ப்பதுதான் வெகுகாலமாக எங்கள் பக்தியாக இருந்தது.

நான் ஆறாம் வகுப்புப் படித்த 2006-இல் அந்தப் போட்டிக்குக் கடிவாளம் விழுந்தது. முந்தைய ஆடியில் இரண்டு தெரு இளவட்டங்களும் அடித்துக்கொண்டு ஒருவருக்கு மண்டை உடைந்திருந்ததால், இன்ஸ்பெக்டர் இரண்டு தெரு முக்கியஸ்தர்களையும் ஸ்டேஷனுக்கு வரவழைத்தார். பாட்டு காலை ஆறிலிருந்து இரவு பத்து வரைதான், கொழா அடுத்த தெருவைப் பார்க்கக் கூடாது, தெருவுக்கு ஒருவர் சத்தத்துக்குப் பொறுப்பு என்று கையெழுத்துப் போட வேண்டும், புகார் வந்தால் மைக்செட்டும் உள்ளே, கையெழுத்துப் போட்டவரும் உள்ளே என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். யார் கையெழுத்துப் போடுவது என்று எங்கள் தெருவில் கூட்டம் போட்டபோது ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் சொன்னது என் அப்பாவின் பெயரை.

அப்பா தனசேகர் கடலூர்–சிதம்பரம் தனியார் பஸ்ஸில் டிரைவர். அந்த ரூட்டில் ஓடுகிற பஸ்களின் ஏர்ஹாரன் சத்தத்துக்குச் சாலையோர மாடுகளே பழகிப்போயிருக்க, அப்பா மட்டும் ஹாரனைத் தொடாமல் ஓட்டுவார் என்று பெயர். "ஹாரனே அடிக்காம செதம்பரம் போயிட்டு வர்ற மனுசன்யா, அவரு கைல குடுத்தா தெரு நிம்மதியா இருக்கும்" என்று கோயில் தர்மகர்த்தா சொன்னார். கூட்டம் தலையாட்டியது. அப்பாவும் சிரித்தபடி தலையாட்டினார். தன்னை என்னவாக ஆக்கினார்கள் என்பதை வீட்டுக்கு வந்து அம்மா சத்தம் போட்டுச் சொன்ன பிறகுதான் அவர் தெரிந்துகொண்டார்.

ஏனென்றால் அப்பாவுக்குக் காது கேட்காது. பதினைந்து வருடம் என்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. மற்ற பஸ்ஸின் ஹாரன் அவர் காதில் விழுவதில்லை, அதனால் பதிலுக்கு அடிக்கத் தோன்றுவதுமில்லை. அதைத்தான் ஊர் பெருந்தன்மை என்று நினைத்தது. அப்பா இதை ஒப்புக்கொண்டதே கிடையாது. "எனக்கு நல்லாத்தான் கேக்குது, நீங்கதான் முணுமுணுன்னு பேசுறீங்க" என்பார். யாராவது பேசி, புரியாவிட்டால், ஒரு சிரிப்பு, ஒரு தலையசைப்பு. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு பாதி ஊரைச் சமாளித்தார்.

பஸ்ஸில் அவரைக் காப்பாற்றியவர் கண்டக்டர் ஏழுமலை மாமா. அப்பாவும் அவரும் ஒருவரையொருவர் "மச்சான்" என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். உறவு ஒன்றுமில்லை, சேர்ந்து ஓடிய வருடங்கள்தான் உறவு. விசில் அப்பாவுக்கு எட்டாததால், மாமா முன்படிக்கட்டில் நின்று பஸ்ஸின் தகரத்தைக் கையால் அடிப்பார். ஓரடி என்றால் நிறுத்து, ஈரடி என்றால் போ. அந்த அதிர்வு ஸ்டியரிங் வழியாக அப்பாவின் கைக்கு வந்துவிடும். பயணிகள் அதை மாமாவின் ஸ்டைல் என்று நினைத்தார்கள்.  அறுபது எழுபது பேரை ஏற்றிக்கொண்டு காது கேட்காத ஒருவர் ஓட்டியது தப்பு, பெரிய தப்பு. வீட்டில் மூன்று பேருக்கும், மாமாவுக்கும் அது தெரியும். ஆனால் ஸ்டியரிங்கை விட்டால் அப்பா என்ன ஆவார் என்பதுதான் எங்களுக்கு அதைவிடப் பெரிய பயமாக இருந்தது. அம்மா என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்வாள்: "வெளிய ஒரு வார்த்த போச்சு, பஸ்ஸப் புடுங்கிக்குவாங்க. நீ வாயத் தொறக்கக் கூடாது, தெரியுதா?"

பொறுப்பை மறுக்கவும் முடியவில்லை. மறுத்தால் காரணம் கேட்பார்கள். ஆகவே அம்மா ஒரு ஏற்பாடு செய்தாள்: பந்தலில் ஆம்ப்ளிஃபயர் மேஜைக்கு முன்னால் அப்பா உட்காரும்போது, பக்கத்தில் நான் உட்கார வேண்டும். சத்தம் ஜாஸ்தியானால் மேஜைக்கு அடியில் அவர் காலை மிதிக்க வேண்டும். அப்பா, "பாப்பா சும்மா கூட இருக்கட்டும்" என்றார், அவ்வளவுதான்.

தெருக்காரர்களும் ஒரு காரியம் செய்தார்கள். முதல் நாள் காலையில் இரண்டு தெரு ஆட்களும் சேர்ந்து நின்று, பாட்டைக் கூட்டிக் குறைத்து, இந்த அளவு போதும் என்று ஒப்புக்கொண்ட இடத்தில், திருகுக்கு நேரே ஆம்ப்ளிஃபயரின் மேல் பூசாரியை விட்டுக் குங்குமப் பொட்டு வைக்கச் செய்தார்கள். ஆத்தா வைத்த பொட்டு, அதைத் தாண்டித் திருகினால் கண் அவிந்துவிடும் என்று பேச்சு. அப்பாவுக்கு அந்தப் பொட்டைப் பார்த்ததும் முகத்தில் அப்படி ஒரு தெளிவு வந்தது. காதுக்கு வேலையில்லை, கண் இருந்தால் போதும் என்று நினைத்திருப்பார். இரண்டு நாள் அந்தப் பொட்டையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் ஒருமுறைகூடக் காலை மிதிக்க வேண்டி வரவில்லை.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை, கூழ் ஊற்றும் நாள். அப்பா திருவிழாவுக்காக அந்த மூன்று நாளும் லீவு போட்டிருந்தார், நானும் பள்ளிக்கூடத்துக்கு மட்டம். பதினோரு மணி வாக்கில் கோயில் முன்னால் அண்டாவைத் திறந்தார்கள். கருவாட்டுக் குழம்பு வாசனை பந்தல் வரை வந்தது. சொம்பைத் தூக்கிக்கொண்டு தோழிகள் ஓடுவதைப் பார்த்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பொட்டுத்தான் இருக்கிறதே, நான் எதற்கு என்று நினைத்தேன். அப்பாவிடம் கையால் குடிப்பதுபோல் காட்டிவிட்டு ஓடினேன். அந்த நினைப்பை இத்தனை வருடமாக நான் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

நான் வரிசையில் நின்றபோது சவுண்டு சர்வீஸ்காரர் பந்தலுக்கு வந்திருக்கிறார். அதுவரை ஓடியது பழைய தேய்ந்த கேசட். அதைக் கழற்றிவிட்டுப் புதிதாக வாங்கிய சிடி பிளேயரை மாட்டி, அம்மன் பாட்டு சிடியைப் போட்டுவிட்டு அவரும் கூழுக்கு வந்துவிட்டார். திருகு அதே பொட்டில்தான் நின்றது. ஆனால் கேசட்டுக்கு வைத்த பொட்டு சிடிக்குப் பொருந்துமா? நான்கு கொழாவும் ஒரேயடியாக அலறின. என் கையில் சொம்பு அதிர்ந்தது. பக்கத்தில் நின்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டு, "யோவ் கொறைங்கய்யா" என்று பந்தலைப் பார்த்துக் கத்தினார்கள். அப்பா பொட்டைப் பார்த்தபடி நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரத்தில் பின்தெருவில் ஒரு சாவு. இஸ்திரிக்கடை பாலுவின் தகப்பனார் இறந்து அரைமணி நேரம் ஆகியிருந்தது. பக்கத்தில் சாவு விழுந்தால் கொழாவை நிறுத்துவது எவ்வளவு பகை இருந்தாலும் இரண்டு தெருவும் மீறாத முறை. சாவைச் சொல்லி நிறுத்தச் சொல்ல அங்கிருந்து ஒரு ஆள் வந்து, பந்தல் ஓரத்தில் நின்று அப்பாவைப் பார்த்து ஏதோ சொன்னார். அப்பா அவரைப் பார்த்துச் சிரித்தார். தலையை ஆட்டினார். அந்த ஆள் ஒரு நிமிஷம் அப்படியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பி ஓடினார்.

வரிசையிலிருந்து நான் அதைப் பார்த்தேன். என்ன சொன்னார் என்று தெரியவில்லை, ஆனால் அந்தச் சிரிப்பு எந்தச் சிரிப்பு என்று எனக்குத் தெரியும். சொம்பைப் போட்டுவிட்டு ஓடத் தொடங்கினேன். கூட்டத்தைப் பிளந்துகொண்டு பந்தலின் பின்பக்கம் போய்ச் சேர்வதற்குள், பாலு இருபது முப்பது பேரோடு முன்பக்கம் வந்துவிட்டார். தலைமயிர் கலைந்து, சட்டையில்லாமல், அழுதபடி வந்தார். "எங்கப்பன் பொணமாக் கெடக்கறாரு, சாவு சொல்ல வந்தவனப் பாத்துச் சிரிக்கிறியாடா?" என்று அப்பாவின் சட்டையைப் பிடித்துத் தூக்கினார். எங்கள் தெருப் பையன்கள் பந்தல் கொம்பைப் பிடுங்கினார்கள். அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாவம், கையை நீட்டிப் பொட்டைக் காட்டினார். தாண்டவில்லை பார் என்பதுபோல் திரும்பத் திரும்பக் காட்டினார். பாலுவின் கை ஓங்கியது.

அப்போதுதான் ஏழுமலை மாமா வந்து சேர்ந்தார். அன்று டூட்டி இல்லாததால் அப்பாவைப் பார்த்துப் போகலாம் என்று வந்தவர், ஒரே இழுப்பில் ஒயரைப் பிடுங்கினார். தெரு சட்டென்று அடங்கியது. நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால், அந்த நான்கு கொழாவையும் மீறிக் கேட்க வேண்டும் என்று அடிவயிற்றிலிருந்து கத்திக்கொண்டிருந்தேன்:

"எங்கப்பாவுக்குக் காது கேக்காதுங்க! அடிக்காதீங்க! அவருக்குக் காது கேக்காது!"

பாட்டு நின்ற தெருவில் அது கடைசி வீடு வரை போயிற்று. பாலுவின் கை அப்படியே இறங்கியது. மாமா அவசரமாக அவர் முன்னால் போய், தோளைப் பிடித்து, "மன்னிச்சுக்கப்பா, வேணும்னு செய்யல, நீ போ, போயி ஆவவேண்டியதப் பாரு" என்று சொன்னார். கொம்பைப் பிடித்திருந்தவர்கள் கீழே போட்டார்கள். எல்லோரும் அப்பாவையே பார்த்தார்கள். அப்பா பார்த்தது இதைத்தான்: மாமாவின் உதடு அசைகிறது, ஊரே தன்னைத் திரும்பிப் பார்க்கிறது. முதுகுக்குப் பின்னால் நின்ற என்னை அவர் பார்க்கவும் இல்லை, கேட்கவும் இல்லை.

அடுத்த வாரமே பஸ் முதலாளிக்குச் செய்தி போய்விட்டது. ஷெட்டில் டயர் பார்க்கிற வேலை கொடுத்தார்கள். அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "இத்தினி வருசம் கூட ஓடுனவன். ஊரக் கூட்டி வச்சு என்னக் காட்டிக் குடுத்துட்டானே" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். மறுநாள் மாமா வீட்டுக்கு வந்தார். அப்பா எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். கதவுக்கு இந்தப் பக்கம் நான் நின்றிருந்தேன், அந்தப் பக்கம் மாமாவின் செருப்பு கொஞ்ச நேரம் நகராமல் இருந்தது இடுக்கில் தெரிந்தது. நான்தான் சொன்னேன் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டியிருந்தால் போதும். பயம். அப்பா என் முகத்தில் இனி விழிக்க மாட்டாரோ என்ற பயம். "வுடு, இப்ப சொல்லி என்ன ஆவப்போவுது" என்று அம்மா சொன்னதைச் சாக்காகப் பிடித்துக்கொண்டேன். அந்தச் சாக்கு வருடக்கணக்கில் நீண்டது. சிதம்பரத்தில் கல்லூரிக்குப் போன நாட்களில் மாமா டிக்கெட் கொடுக்கும் பஸ் வந்தால் ஏறாமல் அடுத்ததற்கு நிற்பேன்.

அப்பா போய் மூன்று வருடம் ஆகிறது. சாவுக்கு மாமா வந்திருந்தார். கதவு சாத்தப்பட்ட வாசலுக்குள் அன்றுதான் மறுபடி கால் வைத்தார். மாலையைச் சாத்திவிட்டுக் கால்மாட்டில் வெகுநேரம் நின்றார். எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்தபின் அவரிடம் போய், "மாமா, அன்னிக்குக் கத்துனது நான்தான்" என்றேன். 

"தெரியும்மா. நாந்தான் பக்கத்துல நின்னனே" என்றார். "அப்புறம் ஏன் மாமா நீங்க அப்பாகிட்ட சொல்லல?" என்றேன். "ஸ்டியரிங் போயிடுச்சு. யார் மேலயாச்சும் கோவிச்சாத்தான அவுருக்கு மனசு ஆறும். பெத்த பொண்ணு மேல கோவிச்சா எங்க போவாரு? என் மேலன்னா பரவால்ல, எனக்கு வூடு இருக்கு, வேல இருக்குன்னு வுட்டுட்டேன்" என்றார். சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது எங்கள் தெருவில் கொழா கட்டுவதில்லை. ஆடிக்கு இரண்டு பெட்டி ஸ்பீக்கர் வைக்கிறார்கள், பத்து மணிக்கு முன்பே நிறுத்திவிடுகிறார்கள். வேப்பமரத்தை ரோடு போடும்போது வெட்டிவிட்டார்கள். மாமா ரிட்டயராகி நெல்லிக்குப்பத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போன் செய்வேன். அப்பாவோடு பேசிப் பேசி ஏறிப்போன அவர் குரல், இத்தனை வருடம் ஆகியும் இறங்கவில்லை. நலமா என்று கேட்டால் பக்கத்து அறையில் இருப்பவர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்துவார். போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கச் சொல்கிறார் என் கணவர். நான் காதோடு ஒட்டித்தான் வைத்துக்கொள்கிறேன்.