தீப்பெட்டி இல்லாமல் ஒரு போரைப் பார்க்கப் போனேன்

நவம்பர் இரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, இந்தப் பயணத்தைத் தனியாகப் போனேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிக்கிற நீங்கள் றெஜி எங்கே, அவள் கொண்டுவரும் மீன் அடைத்த பணிஸ் எங்கே என்று கேட்பீர்கள். றெஜி என் தங்கை, ரொறன்ரோவுக்குப் பக்கத்து ஊரான பிக்கரிங்கில் இருக்கிறாள். கார் இல்லாமல் ரொறன்ரோ பார்ப்பது பற்றி நான் எழுதிய அத்தனை பயணங்களிலும் பக்கத்து சீற்றில் இருந்தவள் அவள்தான். இப்போது மூன்று கிழமையாகப் பேச்சில்லை.

அவளுடைய மனுசன் சூசை கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் நீண்டகாலம் வேலை செய்தவர். அமெரிக்க எல்லையில் வரி ஏறியதோடு அவருடைய வேலை போயிற்று, வீட்டுக் கடனும் கூடின வட்டிக்கு மாறியது. ஒக்டோபரில் வந்த தாங்ஸ்கிவிங் விருந்தில் வான்கோழியை வெட்டிக்கொண்டே, புதிதாக வருகிற சனத்தால்தான் எல்லாம் கெட்டது, தேர்தல் கீர்தல் ஒன்றும் வேண்டாம், இறுக்கிப் பிடிக்கிற ஒருவன் வரவேண்டும் என்றார். அகதியாக வந்து இறங்கிய மனிதர் பேசுகிற பேச்சா இது! எனக்கு வாய் சும்மா இருக்காது. உங்களைக் கொண்டுவந்த பிளேனை அப்படி ஒருவன் திருப்பி அனுப்பியிருந்தால் தெரிந்திருக்கும் என்று சொல்லிவிட்டேன். றெஜி தட்டைப் பார்த்தபடி சொன்னாள்: “உனக்கு உது விளங்காது அக்கா. நீ தனி ஆள்.”

உண்மைதான். ரொறன்ரோவில் டோர்செட் பார்க் பகுதியில் ஒன்பதாம் மாடியில் நானும் என் ரைஸ் குக்கரும்தான் குடியிருக்கிறோம். ஆனால் அவள் வாயால் கேட்டபோது நெஞ்சு எரிந்துபோனது.

நவம்பர் இரண்டு கத்தோலிக்கரான எங்களுக்கு, இறந்தவர்களை நினைக்கிற ஆத்துமாக்கள் திருநாள். ஊரில், மன்னார்ப் பக்கத்தில், சேமக்காலைக்கு, அதாவது கல்லறைத் தோட்டத்துக்குப் போனால், ஆள் வராத பக்கத்துக் கல்லறைக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்துவது வழக்கம். எங்கள் தம்பி ஊரில் நடந்த போரில் காணாமல் போனவன், அவனுக்குக் கல்லறை இல்லை. அதனால் நானும் றெஜியும் வருடாவருடம் இங்கே ஆள் வராத ஒரு கல்லறையைத் தேடி இரண்டு திரி கொளுத்துவோம். ஒன்று படுத்திருப்பவருக்கு, ஒன்று தம்பிக்கு. இந்த வருடம் ஒரு பழைய மயானத்தின் போர்வீரர் பகுதிக்குப் போகலாம் என்று நினைத்தேன். விருந்தில் சூசைக்கு என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியாததை நடந்தாவது பார்ப்போம் என்று, பொருளாதார வீழ்ச்சியிலிருந்து உலகப்போர் வரை நகரத்துக்குள்ளேயே மூன்று இடங்களாக வழி போட்டேன். நேரத்தையும் இடங்களையும் வாட்ஸ்அப்பில் றெஜிக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று நீலக் கோடு காட்டியது. பதில் வரவில்லை.

காலை ஒன்பதரைக்கு 43ஆம் இலக்க பஸ்ஸில் கென்னடி சப்வே, அதாவது நிலத்தடி ரயில் நிலையம். கட்டணம் மூன்று டொலர் முப்பது சதம், இரண்டு மணித்தியாலத்துக்குள் எத்தனை தடவையும் மாறி ஏறலாம். புளூர்-யங்கில் மாறி டேவிஸ்வில், அங்கிருந்து 28ஆம் பஸ் பள்ளத்தாக்கிலுள்ள பழைய செங்கல் சூளைக்குப் போகும். டேவிஸ்வில்லில் வந்து நின்ற முதல் பஸ்ஸில் நான் ஏறவில்லை. யாரைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று கேட்கவேண்டாம்.

இப்போது அங்கே நல்ல கோப்பிக் கடை இருக்கிறது, ஞாயிறு என்றால் குடும்பம் குடும்பமாகச் சனம். 1930ஆம் ஆண்டுக் குளிருக்கு வேலையும் வீடும் இல்லாத ஆண்கள் இந்தச் சூளைகளின் சூட்டில்தான் வந்து படுத்தார்கள். அதற்கு முந்தின வருடம் பங்குச்சந்தை விழுந்திருந்தது. ஒவ்வொரு நாடும் தன்னைக் காப்பாற்ற வரியைப் போட்டு வாசலை அடைத்தது. அடைத்ததும் ஒருவன் செய்த சாமானை மற்றவன் வாங்கவில்லை, இன்னும் தொழிற்சாலைகள் மூடின. ஜெர்மனியில் வேலையில்லாமல் நின்ற சனத்திடம் ஒருவன் வந்து, வேலை தருகிறேன் என்றான். உங்கள் பசிக்கு இன்னார்தான் காரணம் என்றும் கைநீட்டிக் காட்டினான். பலர் வாக்குப் போட்டார்கள், பிறகு வாக்குப் போடுகிற வேலையே இல்லாமல் போயிற்று. சூளைக் கல்லில் கைவைத்தேன், சில்லென்றிருந்தது. பிக்கரிங் வீட்டு பேஸ்மென்ரில் போனும் கையுமாக இருக்கும் சூசையின் நினைப்பு வந்தது. கோபம் போகவில்லை, ஆனால் பாவமாகவும் இருந்தது.

அடுத்தது, வந்த பஸ்ஸில் திரும்பி சப்வே ஏறினால், கிறிஸ்டி நிலையத்துக்கு எதிரே பள்ளமாக இருக்கும் பூங்கா. 1933 ஆகஸ்டில் இந்தப் பள்ளத்தில் பேஸ்போல் ஆடிய யூதப் பையன்களுக்கு முன்னால், உள்ளூர்ப் பையன்கள் சிலர் சுவஸ்திகா போட்ட துணியை விரித்தார்கள். இத்தாலியப் பையன்கள் யூதர் பக்கம் ஓடிவந்தார்கள், இரவுவரை அடிபாடு. கடலுக்கு அப்பால் ஒருவன் பதவிக்கு வந்து ஆறேழு மாதத்தில் அவனுடைய துணி இந்தப் புல்லுக்கு வந்துவிட்டது. மேட்டில் இருந்து தனியாகச் சான்விச் சாப்பிட்டேன். பக்கத்தில் ஒருவர் நாயோடு பேசிக்கொண்டிருந்தார், அவரைப் பார்க்கவே பொறாமையாக இருந்தது.

அங்கிருந்து பஸ்ஸில் சென்ற் கிளேயர் வெஸ்ற், பிறகு தண்டவாளத்தில் மேற்கே போகிற 512 ஸ்ட்ரீட்கார். இடையில் இரண்டு மணித்தியாலம் முடிந்துவிட்டதால் இன்னொரு கட்டணம். ஜன்னலோரம் இருந்து மிச்சக் கதையை நினைத்துக்கொண்டு போனேன். ஜப்பான் சீனாவுக்குள் போனது, இத்தாலி எத்தியோப்பியாவுக்குள் போனது, மற்றவர்கள் தங்கள் வீட்டுக் கஷ்டத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1939இல் ஜெர்மனி போலந்துக்குள் போனபோது பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கனடாவும் போருக்குப் போனது.

ஸ்ட்ரீட்கார் வழியில் இறங்கி அந்தப் பழைய மயானத்துக்குள் போக மணி இரண்டரை. போர்வீரர் பகுதியில் எல்லாம் ஒரே அச்சுக் கற்கள். பூவோ கொடியோ இல்லாத ஒன்றைத் தேடிப் பிடித்தேன். 1945இல் இறந்தவர், வயது இருபத்தொன்பது. கண்ணாடிக் குவளையில் இரண்டு திரியையும் வைத்துவிட்டுக் கையை நீட்டினேன், றெஜியிடம் தீப்பெட்டி வாங்க.

எத்தனை வருடமாக மெழுகுதிரி நான், தீப்பெட்டி அவள். பையைக் கொட்டித் தேடியும் ஒரு குச்சி இல்லை. நடந்துபோன இரண்டு பேரிடம் கேட்டேன், இந்த ஊரில் இப்போது யார் சிகரெட் குடிக்கிறார்கள்? தம்பிக்கு ஒரு திரி கொளுத்த வக்கில்லாமல் நிற்கிறேனே என்று அந்தக் கல்லுக்கு முன்னால் இருந்து அழுதேன்.

“மச்சாள்.”

திரும்பினேன், சூசை. தனியாக நின்றார். றெஜி முதியோர் இல்லத்தில் இப்போது சனி ஞாயிறும் வேலை எடுக்கிறாளாம், எனக்குத் தெரியாது. ஜக்கெற் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார்.

“அக்கா கொண்டுபோயிருக்கமாட்டா, கொண்டுபோய்க் குடுங்கோ எண்டு றெஜி சொன்னவள்.”

காற்றுக்குக் கையை மறைத்துப் பிடித்துக் கொளுத்தினார். தம்பிக்கு எது என்று கேட்டார், காட்டினேன். பிறகு கல்லைப் பார்த்துக் கணக்குப் போட்டார்.

“முப்பதாம் ஆண்டு உவனுக்குப் பதினாலு வயசு, என்ன? வேலைக்குப் போற வயசிலை வேலையில்லை. பட்டாளம்தான் உவனுக்குக் கிடைச்ச முதல் வேலை போல.”

காலையிலிருந்து பஸ்ஸும் சப்வேயும் ஸ்ட்ரீட்காருமாக ஏறி நான் தேடியதை அவர் நின்ற நிற்பில் சொல்லிவிட்டார். விருந்தில் சொன்னதை அவர் திரும்ப எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. காரில் ஏறச் சொன்னார், ஸ்ட்ரீட்காரில் வருகிறேன் என்றேன். தீப்பெட்டியை என்னிடம் நீட்டினார்.

“அது அவளிட்டை இருக்கட்டும்” என்றேன்.

நீங்கள் போவதென்றால் காலையிலேயே கிளம்புங்கள், நவம்பரில் ஐந்து மணிக்கு இருட்டிவிடும். சூளைப் பக்கத்தில் சேறு, நல்ல சப்பாத்துப் போடுங்கள். மொத்தச் செலவு, திரும்பிவரும் கட்டணத்தோடு, பத்து டொலருக்குக் கிட்ட. கோப்பியும் சாப்பாடும் புறம்பு. தீப்பெட்டியை மறக்காமல் கொண்டுபோங்கள்.

நான் அடுத்த வருடமும் கொண்டுபோகமாட்டேன்.