கழிவு போக நாற்பத்தைந்து

ஜெர்மனியில் நான் வேலை செய்யும் சிற்றூரில் மனிதர்கள் தங்கள் எடையைப் பேருந்து நேரம் போலச் சொல்கிறார்கள். காலை இடைவேளையில் காபி இயந்திரத்தின் முன் நிற்கும்போது பிர்கிட், "விடுமுறையில் ரெண்டு கிலோ ஏறிவிட்டது. இப்போது எழுபத்தொன்று புள்ளி நாலு" என்பார். அவர் என் எதிர் மேசைக்காரர், ஐம்பது வயதை நெருங்குபவர். அந்தப் புள்ளி நாலை அவர் விடுவதே இல்லை. பம்ப் உதிரிபாகங்களின் அளவைச் சரிபார்க்கும் பிரிவு எங்களுடையது என்பதால், முதலில் அதைத் தொழில் பழக்கம் என்றே நினைத்தேன். பிறகு பார்த்தால் என் வீட்டுக்காரம்மாவும் ரொட்டிக் கடைப் பெண்ணும் அப்படித்தான் பேசினார்கள். சென்ற இலையுதிர் காலத்தில் பிர்கிட் கன்னம் ஒட்டிப்போய் வந்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை. ஊரில் கேட்பதைப் போலவே குரலைத் தாழ்த்தி, "ரொம்ப இளைத்துவிட்டீர்களே" என்று அவர்கள் மொழியில் கேட்டேன். அவர் முகம் மலர்ந்து "தாங்கே!" என்றார். நன்றி சொன்னதோடு நிற்காமல் ஒரு சுற்றுச் சுற்றியும் காட்டினார். நான் துக்கம் விசாரித்தேன். அவர் வாழ்த்தை வாங்கிக்கொண்டார்.

நான் பிறந்து வளர்ந்தது குன்னூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். ஒரே கூரையின் கீழ் ஒட்டிக் கட்டிய பத்து வீடுகளில் ஆறாவது எங்களுடையது. தாத்தா காலத்தில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்ட குடும்பம். அப்பா நான் பள்ளியில் படிக்கும்போதே போய்விட்டார். அம்மா இன்றுவரை கொழுந்து பறிக்கிறாள். லயத்தில் யாரும் தன் எடையை எண்ணாகச் சொல்லி நான் கேட்டதில்லை. எடை என்பது கொழுந்துக்கு உரியது. மனிதருக்கு இருப்பது உடம்பு. அந்த உடம்பும் வீட்டில் கூடவே வசிக்கும் இன்னோர் ஆள் மாதிரிதான். ஒடம்பு போட்டிருச்சு, ஒடம்பு எறங்கிருச்சு, ஒடம்பு வத்திருச்சு என்பார்கள். பிள்ளை பெற்றுத் தாய்வீட்டிலிருந்து திரும்புகிறவள் 'பூசுன மாதிரி' இருந்தால் அது பாராட்டு. மருமகள் எளச்சுப் போனால் மாமியாருக்குக் கெட்ட பெயர். தன்னைப் பற்றிச் சொல்கிறவர்கள் சாட்சிக்கு ஒரு பொருளையும் சேர்த்தே கொண்டுவருவார்கள்: வளையல் முழங்கைக்கு ஏறுது, ரவிக்கைக்கு ரெண்டு பின்னு குத்துறேன், மோதிரத்துக்கு நூல் சுத்தியிருக்கேன். நான் கோயம்புத்தூரில் பொறியியல் படிக்கப் போனதும் இந்தச் சொற்களையெல்லாம் துல்லியமில்லாதவை என்று ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஜெர்மனிக்குக் கிளம்பும்போது குன்னூர் கடைவீதியில் எண் காட்டும் எடை இயந்திரம் ஒன்று வாங்கி வைத்துவிட்டுப் போனேன். அம்மாவுக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று மருத்துவ முகாமில் சொல்லியிருந்தார்கள். ஏற்பாடு எளிது. சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் அம்மா இயந்திரத்தில் ஏற வேண்டும். பக்கத்து வீட்டுச் சரோஜா சின்னம்மா எண்ணைப் படம் பிடித்து எனக்கு அனுப்ப வேண்டும். சின்னம்மா எங்கள் ரத்த உறவு இல்லை. அம்மாவோடு ஒரே நிரையில் முப்பது வருடம் கொழுந்து பறித்தவள், அவ்வளவுதான். நான் ஜெர்மனியில் ஓர் அட்டவணை போட்டேன். தேதி, எடை, கடைசியில் குறிப்பு என்று ஒரு பத்தி. ஐம்பத்தொன்றைச் சுற்றியே எண்கள் வந்தன. கோடாக வரைந்து பார்த்தபோது அது மேசை விளிம்பு மாதிரி நேராக இருந்தது. வெளிநாட்டில் இருந்துகொண்டு வீட்டுக்குப் போன் போடுகிறவர்களுக்கு அந்த மாதிரி ஒரு கோடு எவ்வளவு நிம்மதி தரும் என்று தெரியும்.

இந்த வருடம் பொங்கல் கழிந்து அம்மாவின் சொற்கள் மாறத் தொடங்கின. முதலில் 'கொஞ்சம் எளச்ச மாதிரி இருக்கு' என்றாள். மாசியில் 'ஒடம்பு எறங்கிருச்சு.' சித்திரையில் 'கழுத்தெலும்பு எந்திரிச்சு நிக்குது.' எல்லாவற்றையும் குறிப்புப் பத்தியில் ஒழுங்காக ஏற்றினேன். மழை தொடங்கிய வாரம் பேசியது நன்றாக நினைவிருக்கிறது.

"சேலை இன்னொரு சுத்து சுத்துது புள்ள."

"எடை அதேதாம்மா இருக்கு. அம்பத்தொண்ணு."

"அப்புடியா? மிசினு சொன்னா சரியாத்தான் இருக்கும்."

பின்னாலிருந்து சின்னம்மாவின் குரல் வந்தது. "ஒங்கம்மாவ ஒரு நாளைக்கு இந்தக் காத்து தூக்கிட்டுப் போயி கோத்தகிரியில எறக்கி விட்டுரும். பஸ்ஸு காசு மிச்சம்!"

மூன்று பேரும் சிரித்தோம். அந்த வாரம் குறிப்புப் பத்தியில் 'கேலி' என்று எழுதினேன்.

ஜூலையில் நான்கு வார விடுப்பில் வந்தேன். குன்னூர் பேருந்து நிலையத்தில், தலையில் துண்டும் இரண்டு ஸ்வெட்டரும் அதற்கு மேல் கம்பளியுமாக அம்மா நின்றுகொண்டிருந்தாள். தூரத்திலிருந்து பார்க்கப் பூசுன மாதிரியே தெரிந்தாள். கட்டிப்பிடித்தபோது கம்பளிக்குள் கை போய்க்கொண்டே இருந்தது. முடிவில் தோள்பட்டையின் முனை தட்டுப்பட்டது. இருமினாள். "மழைச் சளி" என்றாள். லயத்துக்கு வந்து சேர்ந்து, துணி மாற்றும்போது பார்த்தேன். கழுத்தெலும்பு எழுந்துதான் நின்றது. வளையல் முழங்கைக்குத்தான் ஏறியது. நான் எழுதி வைத்த ஒவ்வொரு குறிப்பும் அளந்தது போலச் சரியாக இருந்தது. தவறாக இருந்தது எண் மட்டும்தான்.

கட்டிலுக்கு அடியிலிருந்து இயந்திரத்தை இழுத்துப் போட்டு, சேலையோடு மட்டும் ஏறச் சொன்னேன். நாற்பத்தைந்து. இறங்கி மறுபடி ஏறச் சொன்னேன். நாற்பத்தைந்தேதான். கைப்பேசியில் பழைய படங்களைத் திறந்தேன். பொங்கல்வரை எண்ணுக்குக் கீழே அம்மாவின் வெறும் பாத விரல்கள் தெரிந்தன. மாசியிலிருந்து வந்த படங்களில் ரப்பர் பூட்ஸின் நுனி. ஒன்றில், கொழுந்துக் காட்டில் ஈரம் படாமலிருக்க இடுப்பில் கட்டும் தார்ப்பாய்ப் படங்கின் விளிம்புகூட ஓரத்தில் தொங்கியது. இத்தனை மாதங்களாக நான் எண்ணை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

"ஏம்மா பூட்ஸோட ஏறுன?"

"வேலையிலருந்து வந்த மேனிக்கு ஏறுனேன். குளுரு. ஒண்ணு மேல ஒண்ணா போட்டுக்கிட்டேன். நீ கழிச்சிருப்பேன்னுதான் நெனச்சேன்."

"என்னத்தைக் கழிக்க?"

அம்மா என்னை வியப்போடு பார்த்தாள். "கழிவு போடாம யாரு நிறுப்பா?"

தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் கொட்டகையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். தராசுக் கொக்கியில் மூட்டை தொங்கியதும் காட்டுகிற எடையை அப்படியே எழுத மாட்டார்கள். சாக்குக்கு இவ்வளவு, மழை நாளென்றால் ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்த பிறகு மிஞ்சுவதுதான் பேரேட்டில் ஏறும். முப்பது வருடம் தினமும் அந்தத் தராசின் முன் நின்றவளுக்கு, நிறுப்பவர் கழிப்பார் என்பது மழை பெய்தால் நனையும் என்பது மாதிரி. படித்த மகள், அளப்பதே வேலையாக உள்ள மகள், கழிக்காமலா விட்டிருப்பாள்? எங்கள் தொழிற்சாலையில் வெறும் தட்டின் எடையைப் பூஜ்ஜியமாக்காமல் ஒரு துண்டுக் கம்பியைக்கூட நான் நிறுத்ததில்லை. அம்மாவிடம் மட்டும் எதைக் கழிக்க வேண்டும் என்று கேட்கவில்லை.

அப்போது சின்னம்மா தேநீரோடு உள்ளே வந்தாள். "எல்லாத்தையும் நம்பாத. கழிவு பாதி, கள்ளம் பாதி. 'எடை கொறஞ்சு தெரிஞ்சா புள்ள வேலைய விட்டுட்டு ஓடியாந்துரும்'னு இவ சொல்லவும், அந்தக் கம்பளிய நாந்தான் எடுத்துக் குடுத்தேன்."

"நீ சும்மா கெடடி" என்றாள் அம்மா. ஆனால் மறுக்கவில்லை.

மறுநாள் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். எடை பார்த்த நர்ஸ் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். "ஏனுங்கம்மா, கல்யாணத்துக்கா வந்திருக்கீங்க? ஸ்வெட்டர், கம்பளி எல்லாத்தையும் கழட்டி வெச்சுப்போட்டு ஏறுங்க" என்றார். அம்மா ஒவ்வொன்றாகக் கழற்றி என் கையில் கொடுத்தாள். என் கை நிறைந்துகொண்டே வர, அம்மா சிறுத்துக்கொண்டே போனாள். சளி எடுத்தார்கள், நெஞ்சைப் படம் எடுத்தார்கள். காசநோய் என்றார்கள். ஆறு மாதம் தினமும் மாத்திரை சாப்பிட்டால் குணமாகிவிடும், ஒருநாள்கூட விடக்கூடாது. ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை என்பதை எடையைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். அம்மாவின் எடைக்கு மூன்று. என் அட்டவணையில் இருந்த எடைக்கு என்றால் நான்கு. அந்த நான்காவது மாத்திரை என் அட்டவணையில் மட்டும் இருந்த ஓர் அம்மாவுக்கு உரியது.

விடுப்பை இரண்டு வாரம் நீட்டிக்கக் கேட்டு எழுதினேன். பிர்கிட்டுக்கும் ஒரு வரி: அம்மா ஆறு மாதத்தில் ஆறு கிலோ இறங்கிவிட்டாள். "மாதம் ஒரு கிலோ. ஆரோக்கியமான வேகம், வாழ்த்துச் சொல்லுங்கள்" என்று உடனே பதில் வந்தது. நோயின் பெயரை எழுதிய பிறகு தொலைபேசியிலேயே கூப்பிட்டு, அந்த வாழ்த்தைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். இரண்டு வாரம் கிடைத்தது. அதற்கு மேல் முடியாது என்று மேலாளர் மரியாதையாகவே எழுதியிருந்தார்.

மொத்தம் ஆறு வாரத்தில் ஆறு மாதத்தை எப்படி அடக்குவது என்று வழக்கம்போலத் தாளில் எழுதிப் பார்த்தேன். ஒன்று, நான் வேலையை விட்டுவிட்டு இங்கேயே தங்குவது. ஜெர்மனியில் தங்க அனுமதிக்கும் என் வதிவிட அட்டை அந்த வேலையோடு கட்டியிருக்கிறது. வேலை போனால், குறித்த மாதங்களுக்குள் வேறு தேட வேண்டும், இல்லையென்றால் அங்கே எனக்கு இடமில்லை. இரண்டு, அம்மாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டுக் கோயம்புத்தூரில் வீடு எடுத்து வைப்பது. லயத்து வீடு அம்மாவின் வேலையோடு கட்டியிருக்கிறது. நோய்க்கு விடுப்பு உண்டு, வேலையை விட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். இந்த வரியில் வந்து பேனா நின்றுவிட்டது. பத்து மணி நேரம் விமானத்தில் பறந்து போய் நான் வேறு வாழ்க்கைக்குள் நுழைந்துவிட்டதாக எண்ணிக்கொண்டிருந்தேன். ஆனால் அம்மாவும் நானும் ஒரே விதமான கூரைக்குக் கீழேதான் இருக்கிறோம். கை ஓய்ந்தால் இருவருக்கும் வீடில்லை. கப்பலில் வந்த தாத்தாவுக்கும் இதுதானே கதை.

அம்மா தாளை எட்டிப் பார்த்தாள். படிக்கவில்லை, ஆனால் என்னவென்று புரிந்திருந்தது.

"நீ போ."

"மாத்திரைய யாரு பாக்குறது?"

"நானும் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகாம, நீயும் வேலைய விட்டுட்டு வந்து குந்திக்கிட்டா, இந்த வீடு யாரு பேருல நிக்கும்? ரெண்டு பேருல ஒருத்தராச்சும் வேலைக்குப் பேரு போட்டுக்கிட்டே இருக்கணும். போ புள்ள."

நான் இருந்து ஆக வேண்டும் என்று ஒரு முறையாவது சொல்லியிருந்தால் எனக்குச் சண்டை போட ஒரு காரணம் கிடைத்திருக்கும். போ என்கிறவளிடமிருந்து தப்பிக்க வழியே இல்லை. வெளியே மூன்று நாளாக மழை விடவில்லை. துவைத்த துணி எதுவும் காயவில்லை. அம்மா அடுப்போரமாக உட்கார்ந்து முதல் நாள் மாத்திரை மூன்றையும் ஒவ்வொன்றாக விழுங்கினாள். அவள் தொண்டை அசைவதை நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

நேற்றுக் காலை காசநோய்ப் பிரிவின் களப்பணியாளர் லயத்துக்கு வந்தார். என்னையும் சின்னம்மாவையும் பரிசோதித்ததில் இருவருக்கும் ஒன்றுமில்லை என்று சொன்னார். பிறகு சிகிச்சை அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, "மாத்திரைய முழுங்குறத தினமும் பக்கத்துல இருந்து பாக்குறது யாரு? பேரும் போன் நம்பரும் வேணும்" என்று கேட்டார்.

"மகள்" என்று நான் வாயெடுத்தேன். பழக்கத்தில் என் ஜெர்மன் எண்ணையே சொல்லிக்கொண்டு போனேன். அவர் ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டே வந்து நிமிர்ந்தார். "பத்துக் கட்டந்தாங்க இருக்கு. இன்னும் நம்பர் வருதா?"

"அது கடல் தாண்டுன நம்பரு" என்றாள் சின்னம்மா. "அத வச்சு இவ வாயில தண்ணி ஊத்த முடியுமா? எம்பேர எழுதுங்க சார். நான் பாத்தா வாயத் தொறந்து காட்டுவா. மக முன்னாடின்னா நாக்குக்கு அடியில ஒளிச்சிருவா, கள்ளி."

அம்மா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி அடங்கும்வரை எல்லாரும் காத்திருந்தோம். களப்பணியாளர் என் எண்ணை ஒரே கோடாக அடித்துவிட்டு, அதற்கு மேலே இருந்த இடுக்கில் சின்னம்மாவின் பெயரையும் எண்ணையும் எழுதினார். பத்து இலக்கமும் அளவாகப் பொருந்தின. அட்டையைத் திருப்பித் தரும்போது என் முகத்தில் எதையோ பார்த்திருக்க வேண்டும். மறுபடி வாங்கி, கட்டங்களுக்கு வெளியே, தாள் முடியும் ஓரத்தில், என் ஜெர்மன் எண்ணைச் செங்குத்தாகத் திருப்பிப் பொடி எழுத்தில் எழுதினார். பக்கத்தில் 'மகள்' என்று ஒரு சொல். அதைப் படிக்க வேண்டுமென்றால் அட்டையைச் சாய்த்துத்தான் பிடிக்க வேண்டும்.